சிட்டின் சிவப்பு நாக்கு

ஒகாயா
1998 மே 17

சிஸே,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும், மலை பச்சையாகிவிட்டது, அங்கே அனைவரும் நலமா என்று கேட்க வேண்டும். எனக்கும் தெரியும். அதெல்லாம் பேச்சுவார்த்தை உள்ளவர்களுக்கு. நான் உன்னோடு பேச்சை விட்டு முப்பத்தேழு வருஷம் ஆகிறது. அதை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. உன் முகவரியை நம் விடுதி ஹருஎதான் கொடுத்தாள். அவளைத் திட்டாதே, நான்தான் பிடுங்கினேன்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். ஹிராபயாஷி என்று பெயர். எங்கள் விலாங்குமீன் கடைப் பின்வாசலில் இனிப்புப் பெட்டியோடு நின்று, தரையைத் தொடுகிற மாதிரி வணங்கினான். நாம் வேலை பார்த்த மினேயா கம்பெனி சிட்டுக் கேமராவை மறுபடியும் கொண்டுவரப் போகிறதாம். நவம்பரில் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் கண்காட்சி. முதல் சிட்டிலிருந்து கடைசிச் சிட்டு வரை வரிசையாக வைக்கிறார்கள். முகப்பில் சுவர் அளவுக்கு என் படம், அதற்கு என் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம்.

எந்தப் படம் என்று உனக்குத் தெரியும். இரண்டாவது சிட்டு கடைக்குப் போகும் முன்னால் ஆளுக்கொரு சுருள் கொடுத்து, படம் எடுக்கச் சொல்லி அனுப்பினார்களே, அந்தப் பிப்ரவரி. ஏரி உறைந்து கிடந்தது. நீ என்னை எடுத்தாய், உடனே கேமராவை வாங்கி நான் உன்னை எடுத்தேன். ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் பிடிப்பதுதான் சிட்டின் வேலை. அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. ஸ்டூடியோக்காரர் பிரிக்காமல் ஒரே தாளில் போட்டுக் கொடுத்தார். அப்போது எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள்.

கம்பெனிக்காரர்கள் அதில் என் பாதியை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "படம்: பிரிவுத் தலைவர் கொகுபு." கொகுபு அந்தக் குளிரில் கணப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

முகம் என்னுடையது, பொத்தானை அழுத்திய விரல் உன்னுடையது. அந்தப் படத்தை எடுத்தது நான்தான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உண்மை என்பதால் கேட்கிறேன். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. என் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய், ஏரிக்கு அக்கரையில் இருந்த போட்டிக் கம்பெனியில் நம் ரகசியத்தைக் கொடுத்தவள் நீ. படத்தில்கூட ஒரு கண்ணை அடித்துக்கொண்டு என்னைப் பார்த்து நக்கலாகச் சிரிக்கிறாய். நான் எதையும் மறக்கவில்லை.

யஜிமா தோகு


ஹச்சினோஹே
ஜூன் 3

தோகு அக்கா,

கடிதம் வந்தது. கையெழுத்து மாறவில்லை, இன்னமும் தாளைக் குத்திக் கிழிக்கிற மாதிரிதான் எழுதுகிறீர்கள்.

உங்கள் பாதியை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். கொகுபு எடுத்தார் என்றே இருக்கட்டும். செத்தவருக்கு ஒரு படம் போனால் எனக்கென்ன. என் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் அக்கரைக் கம்பெனியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அன்றைக்கே ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டேன். அதிலிருந்து கணவாய் மீன் கிழிக்கிறேன், காய வைக்கிறேன். அதில் இருபத்தாறு வருஷம் ஒரே கொட்டகை. கை நாற்றத்தை வைத்தே யாரும் சாட்சி சொல்வார்கள்.

ரகசியம் என்கிறீர்கள். சிவப்பு நாக்கைத்தானே சொல்கிறீர்கள்? இருட்டில் பொத்தானை அழுத்தினால் உள்ளே சிவப்பாக நாக்கு எழும்பும், கேமரா படம் எடுக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதை நான் சாப்பாட்டு டப்பாவில் ஒளித்து எடுத்துப் போனேன் என்று நினைத்தீர்களா? கடையில் ஒரு சிட்டை வாங்கி நாலு திருகாணியைக் கழற்றினால் யாருக்கும் தெரியும்.

கண் அடிக்கவில்லை. வெயில் கூசியது.

குடோ சிஸே


ஒகாயா
ஜூலை 12

சிஸே,

வெயில் கூசியதாம். பிப்ரவரியில்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். என் மகன் கடைக்குள் வராமல் வெளியிலேயே நின்றான்.

நீ அக்கரைக்குப் போகவில்லை என்றால் போனாய் என்று சொன்னது யார்? யோசித்துப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டின்போது கொகுபுதான் சொன்னார். கையில் தேநீர்க் கிண்ணத்தோடு எழுந்து நின்று, நம்மிடையே ஒரு துரோகி இருந்தாள், இனி அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்றார். நானும் எடுக்கவில்லை. அந்த ஆள் சொன்னதை அந்த வருஷம் நாங்கள் ஒன்றுவிடாமல் நம்பினோம்.

சரி, அதை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். மற்றது? கண் பரிசோதனையை மறந்துவிட்டாயா? மூன்றாவது சிட்டு வரப் போகிறது, லென்ஸ் பெரிசு, குவியம் மயிரிழை பிசகக் கூடாது, குழாய்க்குள் கண்ணை வைத்து லென்ஸின் குவியத்தைச் சரிபார்க்கும் பெண்கள் எல்லோருக்கும் கண் பார்க்க வேண்டும் என்று நர்ஸை வரவழைத்தார்கள். சுவரில் வளையங்கள் போட்ட அட்டை. வளையத்தின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். நான் முதலில் நின்றேன். மேலே, வலது, வலது, கீழே, இடது என்று என் மலைப்பக்கத்துப் பேச்சில் இழுத்து இழுத்துச் சொன்னேன். அடுத்து நீ. நர்ஸ் கோலை வேறு வரிசையில் வைத்தாள். நீ அட்டையைப் பார்க்காமல் நான் சொன்னதையே அதே இழுவையில் சொன்னாய். கூடம் முழுக்கச் சிரித்தது. என் பேச்சைக் கேலி செய்வதற்கு உனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா?

கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹிராபயாஷி புதுச் சிட்டைக் கொண்டுவந்து காட்டினான். பார்க்க முதல் சிட்டு மாதிரியே. பின்பக்கம் சுருளை நகர்த்தக் கட்டைவிரலால் உருட்டுகிற பல்சக்கரம்கூட இருக்கிறது. உருட்டினால் சும்மா சுற்றுகிறது. உள்ளே மோட்டார். ஒரு படத்தின் இடத்தில் ஒரு படம்தான் எடுக்கும், இரண்டு எடுக்காது. எங்கே நாக்கு என்று கேட்டேன். இருட்டில் தானாக வெளிச்சம் அடிக்கும் பாட்டி, மறுக்கவே மறுக்காது என்றான்.

மறுக்காத சிட்டு எதற்கு?

முதல் சிட்டில் எல்லாவற்றையும் நாமே திருப்பி வைக்க வேண்டும். இரண்டாவது, லென்ஸைச் சுற்றித் தும்பிக் கண் மாதிரி கண்ணாடி வைத்துத் தானே வெளிச்சம் பார்த்தது, போதாதென்றால் நாக்கை நீட்டியது. மூன்றாவதில் ஒரு தலை, இரண்டு தலை, மலை என்று பொம்மை போட்டிருந்தது, தூரத்துக்கேற்றபடி திருப்ப. நாலாவது பிளாஸ்டிக், அதைப் பற்றிப் பேசமாட்டேன். ஒரு சுருளில் எழுபத்திரண்டு படம். தீராது. எங்கள் வீட்டில் ஒரே சுருளில் இரண்டு புத்தாண்டு இருக்கிறது. பிறகு ஜனங்களுக்குப் பெரிய படம் வேண்டியிருந்தது, சிட்டு செய்வதையே நிறுத்தினார்கள். இப்போது என் பேத்தி அட்டைப்பெட்டிக் கேமராவில் எடுக்கிறாள், பெட்டியோடு கடையில் கொடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வாங்கி வருகிறாள்.

கம்பெனித் தாளில் இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை. கண் பரிசோதனைக்குப் பதில் சொல்.

தோகு


ஹச்சினோஹே
ஆகஸ்ட் 16

தோகு அக்கா,

இன்று முன்னோர்களை வழியனுப்பும் நாள். வாசலில் தீ மூட்டி அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குச் சொன்னால்தான் உண்டு.

உங்களைக் கேலி செய்யவில்லை. அட்டை எனக்குத் தெரியவில்லை.

வலது கண்ணில் நடுவில் மட்டும் கரி பூசிய மாதிரி இருந்தது. சுற்றிலும் தெரியும், பார்க்கிற இடம் தெரியாது. இடது கண்ணை வைத்துச் சமாளித்தேன். நர்ஸ் இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டாள். நீங்கள் சொன்னதை மனப்பாடம் செய்திருந்தேன். அவள் வரிசையை மாற்றுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவசரத்தில் உங்கள் இழுவையும் சேர்ந்து வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

நம் மேசைக் குழாய் ஒவ்வொன்றிலும் விளக்கு மேல் மங்கல் கண்ணாடி ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? முதல் சிட்டுக்குக் கிராக்கி ஏறியபோது கொகுபு எல்லாக் குழாயிலிருந்தும் அதைக் கழற்றினார். வெளிச்சம் பளிச்சென்று இருந்தால் குழாய்க்குள் குவியக் கோடு சீக்கிரம் தெரியும், கை சீக்கிரம் ஓடும். என் குழாயில் விளக்கு கண்ணுக்கு நேர் எதிரே. ஏரிமேல் நீங்கள் என்னை எடுத்தபோதே கண் கெட்டிருந்தது. பனியின் பளபளப்பு ஊசி மாதிரி குத்தியது. அதுதான் நீங்கள் சொல்லும் கண் அடிப்பு.

பரிசோதனை முடிந்த சாயங்காலம் கொகுபு கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினார். "வெளிய தெரிஞ்சா குழாய் பாக்குற எல்லாப் பொண்ணுங்களையும் அனுப்பிடுவாங்கம்மா. நீ சத்தம் போடாம போயிட்டா மத்தவங்க பொழைச்சுக்குவாங்க. தோகு வீட்டுல அவ சம்பளத்துலதான் அடுப்பு எரியுது, தெரியுமில்ல?"

தெரியும். உங்களிடம் சொல்லியிருந்தால் அவர் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருப்பீர்கள். அதுவும் தெரியும். அதனால் போனேன்.

இப்போது தெரிந்துகொண்டீர்கள். இத்தோடு விடுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், உங்கள் படம் அழகாக இருக்கும்.

சிஸே


ஒகாயா
செப்டம்பர் 20

சிஸே,

நீ யாரடி எனக்காக முடிவு செய்ய?

என் அடுப்பு எரிவதற்கு உன் கண்ணையா கேட்டேன்? என்னிடம் சொல்லியிருந்தால் அந்த ஆளின் மேசைமேல் ஏறியிருப்பேன், உண்மைதான். எல்லாப் பெண்களையும் ஏற்றியிருப்பேன். அந்த உரிமையை நீ எடுத்துக்கொண்டாய். துரோகி என்று உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. இப்போது இது புதிய கோபம். இதற்கும் முப்பது வருஷம் ஆகும் என்று நினைக்கிறேன், அதுவரை நான் இருக்க வேண்டும்.

நேராகக் கம்பெனிக்குப் போனேன். ஹிராபயாஷி தேநீர் வைத்தான். தொடவில்லை. இரண்டு பாதியும் சேர்த்துப் போடு, எடுத்தவர்கள் பெயரைச் சரியாக எழுது, குழாய்களிலிருந்து மங்கல் கண்ணாடியைக் கழற்றியதையும் எழுது என்றேன். அவன் டோக்கியோவுக்குப் போன் போட்டுவிட்டு வந்தான், முகம் வெளுத்திருந்தது.

"பாட்டி, உங்க பக்கத்துப் படம் மட்டும் போதும்னு சொல்றாங்க. ரெண்டும் வெச்சா பாக்குறவங்களுக்குக் கொழப்பமாம்."

"கொழம்பட்டும். சிட்டுல எடுத்தா ரெண்டுதான் வரும். ஒண்ணுதான் வேணும்னா வேற கேமராக்காரன்கிட்ட போய்க் கேளு."

"கொகுபு சார் எடுத்ததுன்னு பழைய பதிவுல இருக்கே..."

"அவரு எடுத்திருந்தா எனக்குத் தலை இருக்காது. அந்த மனுஷன் எடுத்த எந்தப் படத்துலயும் கழுத்துக்கு மேல ஒண்ணும் கெடையாது. போய்ப் பாரு."

பாவம், அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமுவது போல் மறைத்தான். பிறகு தாளை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடாவிட்டால் முகப்பில் வைக்க ஒன்றும் இல்லை என்றான்.

தாளைத் திருப்பி அவன் பக்கமே தள்ளினேன். "இந்த வெளிச்சம் பத்தாது தம்பி. பொத்தான் எறங்காது."

படத்தை வாங்கிக்கொண்டேன். கண்காட்சிக்கு இரவல் கொடுத்திருந்த என் சிட்டையும் வாங்கிக்கொண்டேன்.

நான் ஒரு வேலை செய்யப் போகிறேன். உன் பெயரை எழுதித்தான் செய்ய முடியும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. உன்னைக் கேட்காமல் உனக்காக முடிவு செய்கிற புத்தி எனக்குக் கிடையாது.

தோகு


ஹச்சினோஹே
அக்டோபர் 4

தோகு அக்கா,

என் வீட்டுக்காரரிடம் இத்தனை வருஷம் சின்ன வயசில் காய்ச்சலில் கண் போனது என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். நேற்று உண்மையைச் சொன்னேன். வலையைத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "இத்தனை வருஷமா காய்ச்சலைத் திட்டிக்கிட்டிருந்தேனே, வீணா" என்றார். 

எழுதுங்கள். முழுப் பெயரும் எழுதுங்கள். கல்யாணத்துக்கு முந்திய பெயரையும் எழுதுங்கள், அப்போதுதான் நம் விடுதிப் பெண்களுக்குத் தெரியும்.

சிஸே


ஒகாயா
நவம்பர் 9

சிஸே,

நேற்று கண்காட்சி தொடங்கியது. நான் போகவில்லை. அவர்கள்தான் என்னிடம் வந்தார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து கம்பெனிக்கு ஒரே வழி, அது எங்கள் கடை வாசல் வழி. நம் ஸ்டூடியோக்காரரின் மகன் படத்தைக் கதவு அளவுக்குப் பெரிசாக்கிக் கொடுத்தான். கறுப்புக் கோட்டை வெட்டாதே என்று பக்கத்திலேயே நின்றேன். மகன் விலாங்குமீன் விளம்பரத்தை எடுத்துவிட்டு ஜன்னல் முழுக்க இதை மாட்டினான். அவனுக்கு என்னைப் பார்த்துப் பயம், அதனால் நன்றாக மாட்டினான். கீழே உன் முழுப் பெயர், கல்யாணத்துக்கு முந்திய பெயர் இரண்டையும் போட்டு, அதற்கடியில் என் கையால் எழுதினேன்:

"இடப்பக்கம் தோகு, எடுத்தவள் சிஸே. வலப்பக்கம் சிஸே, எடுத்தவள் தோகு. இரண்டு பேரும் சிட்டுக்குக் குழாய் பார்த்தவர்கள். சிஸேயின் வலது கண் அங்கேயே போனது. எப்படி என்று தெரிய வேண்டுமானால் உள்ளே வாருங்கள், சொல்கிறேன்."

வந்தார்கள். டோக்கியோ ஆட்கள் வரிசையாகப் போகும்போது நின்றார்கள், படித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், வேகமாக நடந்தார்கள். அவர்கள் முகப்பில் என் படத்துக்குப் பதிலாக ஏரியின் படம் மாட்டியிருந்தார்களாம். ஆள் இல்லாத ஏரி.

பிற்பகலில் நம் பெண்கள் வந்தார்கள். ஹருஎ வந்தாள், குச்சி ஊன்றிக்கொண்டு. படத்தின் முன் நின்றவள், கையால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், பிறகு மற்றதை. "எனக்கும் இப்படித்தான்டி, நடுவுல கறுப்பு. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களும் கையை எடுத்துக் கண்ணை மூடிப் பார்த்தார்கள்.

கடை மூடும் முன் ஹிராபயாஷி தனியாக வந்தான். சட்டையில் குத்தும் கம்பெனி வில்லையைக் கழற்றிப் பையில் போட்டிருந்தான். சாப்பிட்டான். அப்புறம், குழாய் பார்த்தவர்களில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் பாட்டி என்று கேட்டான். எதற்கு என்றேன். வெளியே தெரியட்டும் என்றான். பெயர்களைச் சொன்னேன். எனக்கு ஒன்றும் மறக்காதே. உன் பெயரைத்தான் முதலில் சொன்னேன்.

அவன் எதுவரை போவான் என்று தெரியாது. போகாவிட்டால் படம் ஜன்னலிலேயே இருக்கும். விலாங்குமீன் விற்காவிட்டாலும் பரவாயில்லை.

என் சிட்டில் சுருள் போட்டு வைத்திருக்கிறேன். இன்னமும் நாக்கை நீட்டுகிறது, கெட்டிக்காரச் சிட்டு. ஜனவரியில் ஏரி உறைந்தால் வா. உன்மேல் உள்ள புதிய கோபம் அப்படியேதான் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போ. ஊறுகாய் போட்டு வைக்கிறேன். நீ என்னை எடு, நான் உன்னை எடுக்கிறேன்.

தோகு


ஹச்சினோஹே
நவம்பர் 18

தோகு அக்கா,

வருகிறேன். கணவாய்க் கருவாடு கொண்டுவருகிறேன், உங்கள் கடைக்குள் நாறும், திட்டிக்கொள்ளுங்கள்.

யார் வந்து கேட்டாலும் நானே சொல்கிறேன், எனக்காக யாரும் சொல்ல வேண்டாம்.

படம் நானே எடுப்பேன். உங்கள் தலையும் இருக்கும், கழுத்தும் இருக்கும். சிட்டுக்குள் பார்க்க ஒரு கண் போதும்.

சிஸே